காரைக்காலின் ஆறு கொம்யூன்கள்

ஜார்ஜ்டவுன் சூலியா வீதியில், கடைகளின் நெரிசலுக்கு நடுவே, நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு சிறிய தர்கா உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அதைப் பினாங்குத் தமிழர் எல்லாரும் அறிவர். நாகூரும் நாகப்பட்டினமும் நமக்குப் புதிய பெயர்களல்ல. நம் முன்னோரில் பலர் கப்பலேறிய துறை நாகப்பட்டினமே ஆகும். ஆயின் நாகூரை விட்டு வடக்கே கடற்கரைச் சாலையில் சிறிது தொலைவு சென்றால் என்ன வரும் என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். அங்கே வாஞ்சூர்ச் சோதனைச் சாவடி வரும். அதைக் கடந்தால் மண் மாறாது, பேச்சு மாறாது, வயலும் மாறாது. ஆனால் ஆட்சி மாறும். நாகூர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. சாவடிக்கு அப்பால் இருப்பது புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டம். 1954 வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நிலம்.

ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அச்சிறு மாவட்டம் எவ்வாறு பகுக்கப்பட்டது, அப்பகுப்புக்கு என்ன பொருள், அந்த ஆட்சி போன பின்னும் அப்பகுப்பு ஏன் நிலைத்தது என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம். ஓர் ஊரின் எல்லைக்கோடு நிலைப்பது எளிது. அக்கோட்டுக்குள் வாழ்வோரின் வாக்கு நிலைப்பது அவ்வளவு எளிதன்று. இவ்வேறுபாட்டைக் காரைக்காலைப்போல் தெளிவாகக் காட்டும் இடம் தமிழ் நிலத்தில் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

முதலில் சொல். 'கொம்யூன்' என்பது பிரெஞ்சுச் சொல். பிரான்சு நாட்டின் ஆட்சி அடுக்கில் மிகக் கீழே இருப்பதும், மக்களுக்கு மிக அருகில் இருப்பதும் அதுவே. 1789ஆம் ஆண்டுப் புரட்சி, அதுவரை இருந்த நகரங்கள், பட்டிகள், கோவிற்பங்குகள் ஆகியவற்றின் வெவ்வேறு உரிமைகளையும் சலுகைகளையும் துடைத்துவிட்டு, அவை அனைத்தையும் கொம்யூன் என்ற ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தது. பாரிசும் ஒரு கொம்யூன். நூறு பேர் வாழும் மலைக்கிராமமும் ஒரு கொம்யூன். இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம் உண்டு; மன்றம் தன்னுள்ளிருந்து ஒருவரைத் தலைவராக்கும். அவர் 'மேர்' எனப்படுவார். அவர் அமரும் அலுவலகம் 'மேரி'. புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த நகரமன்றக் கட்டடத்தை அவ்வூரார் இன்றும் மேரிக் கட்டடம் என்றே அழைக்கின்றனர். தமிழெழுத்தில் பார்க்கும் வெளியூரார் அது மரியன்னை பெயரால் அமைந்த கட்டடம் என்று கொள்ளக்கூடும்; அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

பினாங்கு மாணவருக்கு இதை விளக்க நம் நாட்டு அமைப்போடு ஒப்பிடுவது நன்று. நமக்கு மாவட்டம் உண்டு. மாவட்டத்தின்கீழ் முக்கிம் உண்டு. இவற்றுக்கு வெளியே, வேறொரு வரிசையில், தீவுக்கும் செபராங் பிறைக்கும் ஒவ்வொரு மாநகர் மன்றம் உண்டு. நிலப்பட்டா வேண்டுமெனில் மாவட்ட நில அலுவலகம் செல்வோம். குப்பை அள்ளப்படவில்லையெனில் மாநகர் மன்றத்திடம் முறையிடுவோம். குழந்தை பிறந்தால் பதிவது கூட்டரசின் தேசியப் பதிவுத் துறையில். மூன்றும் மூன்று கதவுகள். பிரெஞ்சு முறையில் இவற்றுள் இரண்டு கதவுகள் ஒன்றாகிவிடுகின்றன. தெருவிளக்கும் வடிகாலும் சந்தையும் மேரியின் பொறுப்பு. பிறப்பும் திருமணமும் இறப்பும் பதியப்படுவதும் அதே மேரியில்தான். மேர் ஊரின் தலைவராகவும் இருப்பார். அதே வேளையில் அரசின் பேராளராக நின்று திருமணத்தைச் சட்டப்படி முடித்தும் வைப்பார். ஆகவே முக்கிமைக் கொம்யூன் என்று மொழிபெயர்ப்பது பிழை. முக்கிம் நிலக்கணக்கின் அலகு. கொம்யூனோ ஆட்களின் கணக்குக்கும் அலகு. ஒருவர் எங்கே பிறந்தார் என்று பிரெஞ்சுச் சட்டம் கேட்கும்போது அது எதிர்பார்க்கும் விடை ஒரு கொம்யூனின் பெயரே ஆகும். இது பின்னர் நமக்குத் தேவைப்படும்.

இனிக் காரைக்காலுக்கு வருவோம். தஞ்சை மராட்டிய அரசர் சாகசி, தம் அரியணைப் போட்டியில் உதவி வேண்டி 1738இல் அவ்வூரைப் பிரெஞ்சுக்காரருக்குத் தருவதாக வாக்களித்தார். 1739இல், தியூமா புதுச்சேரி ஆளுநராக இருந்தபோது, அது அவர்கள் கைக்கு வந்தது. பிரான்சிசு லைட் பினாங்கில் கால் வைப்பதற்கு 47 ஆண்டுகள் முன்பு என்று நினைவில் கொள்ளலாம். பின்னர் ஆங்கிலேயர் பலமுறை அதைப் பிடித்தனர். 1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையே அதைப் பிரெஞ்சுக்காரருக்கு நிலையாக்கியது. அதுவரையிலும், அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலும், ஊர் ஆட்சி என்பது அதிகாரியின் ஆட்சிதான்.

1870க்குப் பின் பிரான்சில் மூன்றாம் குடியரசு அமைந்தது. குடியரசு தன் பழைய குடியேற்றங்களுக்கும் தன் சட்டங்களை விரிக்க விரும்பியது. புதுச்சேரி, காரைக்கால், மாகி, யேனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்தும் சேர்ந்து பாரிசு நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பலாயின. 1880 மார்ச் 12ஆம் நாளிட்ட ஆணை, இவ்வைந்து நிலப்பகுதிகளையும் 10 கொம்யூன்களாகப் பகுத்தது. புதுச்சேரிக்கு நான்கு, காரைக்காலுக்கு மூன்று, ஏனைய மூன்றுக்கும் ஒவ்வொன்று. 1907இல் எண்ணிக்கை 17 ஆயிற்று. புதுச்சேரிக்கு எட்டு, காரைக்காலுக்கு ஆறு. காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்னும் அந்த ஆறும் இன்றும் ஆறாகவே உள்ளன. இடையில் ஆட்சி மாறியது, சட்டம் மாறியது, நாணயம் மாறியது. ஆறு என்ற எண் மட்டும் மாறவில்லை.

இவற்றுள் காரைக்கால் அரசலாற்றங்கரை நகரம். காரைக்கால் அம்மையாரின் ஊர் என்பதால் சைவ உலகம் அறிந்தது. நெடுங்காடு உள்நிலத்து நெல் வயல்கள். திருநள்ளாற்றை விளக்க வேண்டியதில்லை. சனிப்பெயர்ச்சி நாளில் அச்சிறு கொம்யூன் பல இலட்சம் மக்களைத் தாங்கியாக வேண்டும் என்பதை மட்டும் ஆட்சியியல் பயிலும் மாணவர் கருதிப் பார்க்கலாம்.

திருமலைராயன்பட்டினம் தனித்துக் கூறத்தக்கது. காளமேகப் புலவர் அவ்வூர் அவையில் அவமதிக்கப்பட்டு, மண்மாரி பொழியுமாறு வசை பாடிச் சென்றார் என்பது தமிழாசிரியர் எல்லாரும் வகுப்பில் கூறும் கதை. அவ்வளவு புகழ்பெற்ற பெயரைப் பிரெஞ்சுக்காரர் எழுதவில்லை. அவர்கள் ஏடுகளில் அவ்வூர் 'கிராந்த் அல்தே' ஆகும். கிராந்த் என்றால் பெரிய; அல்தே என்பது சிற்றூரைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து கடற்கரை வணிகர் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்தது. 'பெரிய கிராமம்', அவ்வளவே. ஏனைய ஊர்ப்பெயர்களை அவர்கள் தம் வாய்க்கு ஏற்பத் திரித்தேனும் வைத்துக்கொண்டனர். புதுச்சேரியை அடுத்த உழவர்கரை 'உல்காரே' ஆனது. வில்லியனூர் 'வில்லெனூர்' ஆனது. இத்திரிபுகளுள் தமிழ் ஒலி இன்னும் கேட்கிறது. 'கிராந்த் அல்தே'யில் எதுவும் கேட்கவில்லை. ஆவணங்களில் அப்பெயரைக் காணும் ஆய்வாளர், காளமேகத்தின் ஊரைத்தான் காண்கிறோம் என்று அறியாமலே கடந்துவிட இயலும். இடப்பெயர் ஆய்வில் ஈடுபடும் மாணவருக்கு இது ஓர் எச்சரிக்கை.

கொம்யூன் வந்தது, அதனோடு தேர்தலும் வந்தது. பிரித்தானிய இந்தியாவின் பெரும்பகுதியில் ஊரார் வாக்களிப்பது எண்ணிப் பார்க்கவும் இயலாத காலத்தில், காரைக்கால் உழவர் வாக்குச் சீட்டைக் கையில் பெற்றார். இதைச் சிலர் பெருமையாகக் கூறுவர். முழுப் படத்தையும் காண்பது நல்லது. வாக்காளர் அனைவரும் ஒரே பட்டியலில் இல்லை. தொடக்கத்தில் ஐரோப்பியருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் ஒரு பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர் 'ரெனோன்சான்', அதாவது துறந்தோர், எனப்பட்டனர். 1884இல் அவர்களுக்கென்று மூன்றாவது பட்டியல் பிறந்தது. 1899இல் மீண்டும் இரண்டாயிற்று. பட்டியல் எத்தனையாயினும் விளைவு ஒன்றே: சில நூறு ஐரோப்பியருக்கு, பல்லாயிரம் தமிழருக்கு நிகரான அல்லது ஏறக்குறைய நிகரான எடை கிடைத்தது. பெண்களுக்கு வாக்கே இல்லை.

சீர்திருத்தம் வேண்டியோர் ஒருபுறம், வழக்கம் காக்க விரும்பிய உயர்சாதியினர் மறுபுறம் என்று கட்சிகள் எழுந்தன. சமத்துவம் பேசிய குடியரசின் வாக்குச் சீட்டைக்கொண்டே சமத்துவத்தைத் தடுத்து நிறுத்த முடியும் என்று காட்டினார், அக்காலத்துப் பெருந்தலைவர் சண்முக வேலாயுத முதலியார். 1880களிலிருந்து கால் நூற்றாண்டுக் காலம் பிரெஞ்சிந்திய அரசியல் பெரும்பாலும் அவர் விரலசைவில் நடந்தது. கள்ள வாக்கும் அடியாள் கூட்டமும் பிரெஞ்சிந்தியத் தேர்தல்களின் அடையாளமாயின. வாக்குப் பெட்டி இருந்தது என்பதைக்கொண்டு மக்களாட்சி இருந்தது என்று கூறிவிட இயலாது. ஆயினும் பெட்டி என்று ஒன்று இருந்தது. அது பின்னர் எதிர்பாராத வகையில் பயன்பட்டது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தனித்தனிப் பட்டியல்கள் ஒழிந்தன. பெண்களும் வாக்குரிமை பெற்றனர். 1947இல் சுற்றிலும் இந்தியா விடுதலை பெற்றுவிட, நடுவில் இத்துண்டு நிலங்கள் மட்டும் பிரான்சின்கீழ் நின்றன. காரைக்காலைச் சூழ்ந்திருந்தது தஞ்சை மாவட்டம். 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் இசைவுக்கு வந்தன: மக்களே தம் எதிர்காலத்தை முடிவு செய்ய வேண்டும், பொது வாக்கெடுப்பின் நாளையும் முறையையும் கொம்யூன் மன்றங்கள் வகுக்க வேண்டும். அதற்காக அதே ஆண்டு அக்டோபரில் மன்றத் தேர்தல்கள் நடந்தன. எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோசலிசுட்டுக் கட்சி வென்றது. அது பிரான்சுக்குச் சார்பான கட்சி. தேர்தலில் வன்முறையும் முறைகேடும் நிகழ்ந்ததாக இந்தியத் தரப்பு குற்றம் சாட்டியது. இத்தகைய மன்றங்களின் மேற்பார்வையில் நடக்கும் வாக்கெடுப்பை ஏற்க மறுத்தது. சந்திரநாகூர் மட்டும் 1949இல் வாக்களித்து இந்தியாவோடு சேர்ந்தது. 1949இல் சுங்க இணைப்பும் முறிந்தது. காரைக்காலின் எல்லைகளில் சோதனை கடுமையானது. வயல் ஒரு நாட்டிலும் களம் மற்றொரு நாட்டிலுமாக இருந்த உழவர் பட்ட இன்னல் சிறிதன்று.

1954 மார்ச்சில் காற்று திரும்பியது. குபேரும் அவரைச் சார்ந்தோரும் இணைப்பின் பக்கம் வந்தனர். புதுச்சேரிப் பகுதியின் கொம்யூன் மன்றங்கள், வாக்கெடுப்பே வேண்டாம், உடனே இந்தியாவோடு இணைக்க வேண்டும் என்று தீர்மானம் இயற்றின. காரைக்கால் கொம்யூன்களும் பின்தொடர்ந்தன. நெட்டப்பாக்கத்தில் ஒரு தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. கோடைக்குள் யேனாமும் மாகியும் பிரெஞ்சுக் கையை விட்டு நழுவின. அக்டோபர் 18ஆம் நாள், கீழூர் என்னும் சிற்றூரில், பிரதிநிதிகள் சபையினரும் கொம்யூன் மன்ற உறுப்பினருமாக 178 பேர் கூடி வாக்களித்தனர். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

இந்நிகழ்ச்சியை விடுதலை வரலாறாகப் போற்றுவது முறையே. ஆயினும் ஆட்சியியல் மாணவர் இதில் ஒரு முரணைக் காணாமல் இருக்க முடியாது. 1948இல் இம்மன்றங்கள் மக்களின் உண்மைக் குரலல்ல என்று கூறிய அதே அரசு, 1954இல் இம்மன்ற உறுப்பினரின் வாக்கையே மக்களின் விருப்பமாக ஏற்றது. பிரான்சின் அரசியலமைப்போ மக்களின் இசைவின்றி நிலம் எதையும் விட்டுக்கொடுக்க இடமளிக்கவில்லை. கீழூர் வாக்கெடுப்பை அந்த இசைவுக்கு ஈடாகக் கொண்டு பாரிசும் தன் மனத்தைத் தேற்றிக்கொண்டது. இரு பேரரசுகளும் முட்டிக்கொண்டு நின்ற கதவைத் திறந்த சாவி கொம்யூன் உறுப்பினரின் வாக்குத்தான். கள்ள வாக்கால் கறைபட்டதாயினும், தேர்ந்தெடுக்கப்பட்டோர் என்று காட்ட ஓர் அவை இருந்ததால்தான் பெரும்போர் இன்றி இது முடிந்தது என்பது நம் கருத்து. தேர்ந்தெடுக்கப்பட்ட அவை எதுவும் இல்லாத கோவாவின் நிலை 1961இல் படைகளால் முடிந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கைமாற்றம் நிகழ்ந்தது 1954இல். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல்தான் முற்றுப்பெற்றது. 1956ஆம் ஆண்டு உடன்படிக்கையைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதுவரை உறுதிசெய்யாமல் வைத்திருந்தது. அந்நாள் பினாங்கோடும் தொடர்புடையது. உடன்படிக்கையின்படி, காரைக்காலில் பிறந்து அந்நாளில் அங்கேயே வாழ்ந்தவர் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பலர் தெரிவிக்கவில்லை. அப்படி ஒரு காலக்கெடு இருந்ததே வயலில் நின்ற பலருக்குத் தெரிந்திருக்காது. மாறாக, அங்கே பிறந்து, இந்தியாவுக்கும் அந்நிலப்பகுதிகளுக்கும் வெளியே வேறொரு நாட்டில் அந்நாளில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமகனுக்கு விதி தலைகீழ். அவர் எதையும் எழுத வேண்டியதில்லை. பிரெஞ்சுக் குடிமகனாகவே தொடர்ந்தார்.

சைகோனில் பிரெஞ்சு அரசுப் பணியில் இருந்த காரைக்கால் தமிழருக்கு மட்டும் உரியதன்று இவ்விதி. மலாயாவில் கடை வைத்திருந்து, பிரெஞ்சுக் குடியுரிமையை அதுவரை கைவிடாதிருந்த காரைக்காலருக்கும் அது பொருந்தும். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பியருள், ஊரில் தங்கிய அண்ணன் இந்தியர். கடல்கடந்த தம்பி பிரெஞ்சுக்காரர். இதை மெய்ப்பிக்கும் சான்று எது? கொம்யூனின் பதிவேட்டில் உள்ள ஒரு வரி. திருநள்ளாறா, நிரவியா, நாகூரா என்பது அந்த வரியைப் பொறுத்தது. வாஞ்சூருக்குத் தெற்கே சில நூறு அடி தள்ளிப் பிறந்தவருக்கு இவ்வினாவே எழாது. தம் குடும்ப மூலத்தைத் தேடும் நம் மாணவர், பாட்டனாரின் ஊர் 'நாகப்பட்டினம் பக்கம்' என்று பொதுவாக எழுதி நிறுத்திவிடாமல், எந்தக் கொம்யூன் என்று கேட்டறிவது நன்று.

இனி, எஞ்சிய பகுதி. இந்திய ஆட்சியில் கொம்யூன் என்ன ஆயிற்று? வியப்பு என்னவெனில், நெடுங்காலம் ஒன்றும் ஆகவில்லை. 1880ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையே தொடர்ந்தது. 1968இல் நடந்த மன்றத் தேர்தலும் அதன்படி நடந்ததே. 1973இல் புதுச்சேரிச் சட்டமன்றம் நகராட்சிகளுக்கு ஒரு சட்டமும், கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒரு சட்டமும் இயற்றியது. 1974 ஜனவரி 26இல் அவை நடைமுறைக்கு வந்தன. காரைக்கால் நகராட்சி ஆனது. ஏனைய ஐந்தும் 'கொம்யூன் பஞ்சாயத்து' ஆயின. பிரெஞ்சுச் சொல்லும் வடசொல்லும் கைகோத்த இத்தொடர், தமிழ்ச் சாலையோரப் பலகைகளில் இன்றும் காணப்படுகிறது. தமிழ்நாட்டு வாசகர் இதை ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒப்பானதாகக் கொள்ளலாம்: பல கிராமப் பஞ்சாயத்துகள் கீழே, அவற்றின்மேல் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து. புதுச்சேரிப் பக்கம் முதலியார்பேட்டைக் கொம்யூன் நகராட்சியோடு கலந்துவிட்டது. காரைக்காலில் எதுவும் கலக்கவில்லை.

எல்லை நின்றது, பெயர் நின்றது, பலகை நின்றது. தேர்தல் நின்றுபோயிற்று. இந்த 'நின்றது' வேறு பொருளில். 1968க்குப் பின் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006இல், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகே நடந்தது. இடைவெளி 38 ஆண்டுகள். தம் வாழ்நாளில் ஒருமுறைகூட ஊர் மன்றத்துக்கு வாக்களிக்காமல் நாற்பது வயதை எட்டிய தலைமுறை ஒன்று காரைக்காலில் இருந்தது. அவர்தம் பாட்டனார் 1880களிலேயே வாக்களித்தவர். 2006இல் வந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டது. இட ஒதுக்கீடு பற்றிய வழக்கில் அது தடைப்பட்டது. மன்றம் இல்லாத காலமெல்லாம் அரசு அமர்த்திய ஆணையர்களே கொம்யூனை நடத்தினர். குப்பை அள்ளப்பட்டது, பிறப்பு பதியப்பட்டது, சனிப்பெயர்ச்சிக்குத் தண்ணீர்த் தொட்டிகள் வைக்கப்பட்டன. அலுவலகம் இயங்கியது. மேர் நாற்காலி மட்டும் இல்லை.

பினாங்கில் இருந்துகொண்டு இதைக் கேட்டுப் பிறர் கதை என்று நகைக்க நமக்கு உரிமையில்லை. ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் 1857இலேயே நடந்தது; காரைக்காலுக்கும் முந்தியது நாம்தான். 1913இல் அது நீக்கப்பட்டது. 1951 டிசம்பர் 1 அன்று மலாயாவிலேயே முதலாவதாக மீண்டும் வாக்குப் பெட்டி திறக்கப்பட்டதும் இவ்வூரில்தான். 1957இல் மாநகரத் தகுதி வந்தது. அடுத்த ஆண்டுகளில் மேயர் நாற்காலியில் அமர்ந்தவர் டி. எஸ். இராமநாதன் என்ற தமிழர். அவர் பெயரில் ஒரு சாலை இங்கு உண்டு. 1965இல், இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. உள்ளாட்சிகளின் நிலையை ஆராய அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவரும் ஒரு தமிழரே. செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலை மீட்க வேண்டும் என்றே அவ்வாணையம் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் சென்றது. மன்ற உறுப்பினர் நியமிக்கப்படலாயினர். 2012இல் பினாங்குச் சட்டமன்றம் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது.

இரண்டு ஊர்களிலும் காரணங்கள் வேறு. இங்கே நாட்டின் பாதுகாப்பும் பின்னர் சட்ட அதிகாரமும் காட்டப்பட்டன; அங்கே ஒதுக்கீட்டுக் கணக்கும் வழக்கும் காட்டப்பட்டன. அரசுக்குக் கீழே இன்னொரு தேர்ந்தெடுக்கப்பட்ட அவை இருப்பதை மேலே உள்ளோர் விரும்புவதில்லை என்ற பேச்சு இரு கரையிலும் உண்டு. அதை முழுவதும் பொய் என்று நாம் ஒதுக்கவில்லை.

புதுச்சேரிக் கடற்கரையின் மேரிக் கட்டடம் 1870களின் தொடக்கத்தில் எழுந்தது. பராமரிப்பின்றிச் சிதைந்திருந்த அது 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவம் மாறாமல் மீண்டும் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வெண்தூண்களும் வளைவுகளுமாகப் பார்க்க அழகாக இருக்கிறது. திறந்த அன்று உள்ளே சென்று அமரத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்றும் இல்லை.